சேலத்தில் மேயராக விரும்புவோர் வார்டிலிருந்து தொடங்க வேண்டும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சேலம் மாநகராட்சியின் மேயராக வேண்டும் என்று எண்ணுகிறவர், அந்தப் பதவிக்காகப் பொதுமக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்க இப்போதுள்ள சட்டத்தில் இடமில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்காளர்கள் தத்தம் வார்டின் மாமன்ற உறுப்பினரை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வாறு வென்ற 60 உறுப்பினர்களும் கூடித் தங்களுக்குள் ஒருவரை மேயராகவும் இன்னொருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே புதியவர் ஒருவர் இரண்டு தேர்தல்களுக்கு ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. முதல் தேர்தல் சில தெருக்களுக்குள் நடப்பது. இரண்டாவது, மாமன்றக் கூடத்துக்குள் நடப்பது. இரண்டுக்கும் தேவைப்படும் திறமைகள் வேறு வேறு.

இந்த முறை எப்போதும் இப்படியே இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; 2006-லும் 2022-லும் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சேலத்தில் 2006-இல் மேயரான ரேகா பிரியதர்ஷினியும் 2022-இல் மேயரான ஆ. ராமச்சந்திரனும் உறுப்பினர்களின் வாக்கால் வந்தவர்கள். இடையில் 2011-இல் வென்ற எஸ். சவுண்டப்பன் மக்களின் நேரடி வாக்கால் வந்தவர். 2016-இல் மறைமுகத் தேர்தலுக்கும், 2018-இல் மீண்டும் நேரடித் தேர்தலுக்கும், 2019 நவம்பரில் மறுபடியும் மறைமுகத் தேர்தலுக்கும் சட்டம் மாற்றப்பட்டது என்பதைப் பார்க்கும்போது, அடுத்த அறிவிப்பு வெளிவரும் வரை சட்டமன்றச் செய்திகளைக் கவனித்துக்கொண்டே இருப்பது நல்லது. 2022 மார்ச் 2-ஆம் தேதி பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. விதி எப்படி மாறினாலும் வார்டில் செய்த வேலை வீணாகாது என்பதால், இக்கட்டுரை வார்டையே மையமாக வைத்துப் பேசுகிறது.

நீங்கள் உண்மையில் மாநகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறீர்களா?

கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இதைச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். கன்னங்குறிச்சியிலும் கருப்பூரிலும் குடியிருக்கும் பலர் வெளியூரில் கேட்டால் சேலம் என்றே சொல்வார்கள். ஆனால் 2022 தேர்தலில் அவை தனிப் பேரூராட்சிகளாகவே வாக்களித்தன. ஏற்காடு ஊரக உள்ளாட்சியைச் சேர்ந்தது; அங்கே மேயர் பதவியும் இல்லை, நகர்மன்றத் தலைவர் பதவியும் இல்லை. இதில் ஒரு விந்தை உண்டு: மலைமேல் இருப்பவர் தம் ஊராட்சித் தலைவரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார், மலையடிவாரத்து மாநகரவாசிக்குத் தம் மேயரை அப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி போன்ற நகராட்சிகளில் தலைவராக விரும்புவோருக்கு இங்கே சொல்லப்படும் வழிமுறை பெரும்பாலும் பொருந்தும். பதவியின் பெயரும் தொகைகளும் மாறும்.

வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அவர் பெயர் மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். சொந்த வார்டில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநகராட்சிக்குள் எந்த வார்டிலும் ஒருவர் போட்டியிடலாம், ஆனால் ஒரு வார்டில் மட்டுமே போட்டியிட முடியும். அவரை முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தினாலும், வார்டுவாரிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. எனவே பெயரும் முகவரியும் சட்டமன்றப் பட்டியலில் சரியாக இருக்கின்றனவா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். அறிவிப்பு வந்தபின் அலைந்து பயனில்லை.

மாநகராட்சியோடு உள்ள கொடுக்கல் வாங்கலையும் இதே நேரத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். மாநகராட்சியில் ஒப்பந்தப் பணி எடுத்திருப்பவரும், அரசிலோ உள்ளாட்சியிலோ சம்பளம் பெறும் பணியில் இருப்பவரும் தகுதி இழக்கிறார்கள். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், மாநகராட்சிக் கடையை எடுத்திருந்தால் அதன் வாடகை என ஒவ்வொன்றையும் செலுத்தி ரசீதுகளைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வேட்புமனுக் காலத்தில் நிலுவை இல்லைச் சான்று வாங்க மண்டல அலுவலகங்களில் பெருங்கூட்டம் நிற்கும். தந்தையின் பெயரிலேயே இருக்கும் பழைய வீட்டுக்கு வரி பாக்கி இருப்பது அந்த வரிசையில் நிற்கும்போது தெரியவந்தால் பெரும் தொல்லை.

இடஒதுக்கீடு

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வார்டுகளுக்கு மட்டுமன்றி மேயர் பதவிக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அது சுழற்சியில் மாறும். 2022-இல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆகவே ஒரே வார்டை மட்டும் நம்பித் திட்டமிடுவது ஆபத்தானது. எல்லையை ஒட்டிய இரண்டு மூன்று வார்டுகளிலும் அறிமுகம் வளர்த்துக்கொள்வதே விவேகம். வார்டு பெண்களுக்கானதாகிவிட்டால் மனைவியையோ தாயையோ பெயருக்கு நிறுத்திவிட்டுத் தாமே கவுன்சிலராக நடந்துகொள்ளும் பழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. அதை ஒரு வழிமுறையாக இந்தக் கட்டுரை பரிந்துரைக்காது. மாறாக, சுயஉதவிக் குழுவை ஆண்டுக்கணக்கில் நடத்தி, வங்கி மேலாளரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தானே பேசி வேலை முடித்த பெண்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வழிகாட்டியைத் தங்களுக்காகவே எழுதப்பட்டதாகக் கொள்ளலாம்.

வார்டைப் படிப்பது

2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகரின் மக்கள்தொகை 8 லட்சத்து 29 ஆயிரத்தைத் தாண்டியது. அதை 60 வார்டுகளுக்குப் பிரித்தால் சராசரியாக வார்டுக்கு ஏறத்தாழ 14,000 பேர். இப்போது இன்னும் கூடியிருக்கும். ஒரு வார்டில் 10,000 வாக்காளர்கள் இருந்து, அவர்களில் 6,500 பேர் வாக்களித்து, நான்கு பேர் வலுவாகப் போட்டியிட்டால், 2,500 வாக்குகளை ஒட்டியே வெற்றி தீர்மானமாகிவிடும் என்பது எளிய கணக்கு. செலுத்தப்பட்ட செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காதவர் வைப்புத்தொகையை இழப்பார். மேற்சொன்ன வார்டில் அந்த அளவு சுமார் 1,080 வாக்குகள். இந்த எண்கள் சிறியவை. ஓராண்டுக் காலம் மாலைகளைச் செலவிட முடிந்த ஒருவர், அந்த 10,000 பேரின் வீட்டு வாசல்களிலும் நின்று பேசிவிட முடியும்.

ஆனால் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி வீட்டோடு இருப்பதால் பகலிலும் ஆட்களைப் பார்க்கலாம். ஆனால் தறி ஓடும்போது நின்று பேசுவது அவர்கள் கூலியைக் குறைப்பதாகும். செவ்வாய்ப்பேட்டைச் சுமைதூக்கும் தொழிலாளர்களை லாரி வந்து நிற்கும் முன் பார்க்க வேண்டும். வெள்ளிப்பட்டறையில் கொலுசு வேலை செய்வோருக்கு மாலை வேளை ஏற்றது. சூரமங்கலத்தில் ரயில்வே குடும்பங்கள் பணிமுறை மாறி மாறி வேலை செய்வதால் ஒரே வீட்டுக்கு இருமுறை செல்ல நேரும். பேர்லேண்ட்ஸ் போன்ற பகுதிகளில் ஞாயிறு காலை தவிர வாசற்கதவு திறப்பது அரிது.

பேசச் செல்லும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். துண்டறிக்கை இப்போது வேண்டாம். தெருவாரியாகக் குறிக்க வேண்டியவை சிலவே: குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, கடைசி வீடு வரை ஏறுகிறதா, சாக்கடை எங்கே அடைத்துக்கொள்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, தூய்மைப் பணியாளர் வரும் நேரம் என்ன, தார் போட்ட சாலையை எந்தத் துறை எப்போது தோண்டியது. இவற்றோடு தூய்மைப் பணியாளர்களிடமும் குடிநீர் திறந்துவிடும் பணியாளரிடமும் பேசிவிட வேண்டும். வார்டின் நிலத்தடி வரைபடம் பெரும்பாலும் அவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

அதன்பின் ஆவணங்கள். மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதி, கடந்த மூன்றாண்டுகளில் அந்த வார்டில் நடந்த பணிகளின் பட்டியல், மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, முடித்த தேதி ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும். மாமன்றக் கூட்டங்களின் தீர்மானங்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்தத் தாள்களை நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், மேடையில் குரலை உயர்த்தாமலேயே கேள்வி கேட்கும் வலிமையைப் பெற்றுவிடுவார்.

குறைகளைக் கேட்கும்போது எது மாநகராட்சியின் வேலை, எது அதன் வேலை அன்று என்பதைப் பிரித்தறிய வேண்டும். குடிநீர் விநியோகம், குப்பை, கழிவுநீர், தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்துவரி ஆகியவை மாநகராட்சிக்கு உரியவை. பட்டா வருவாய்த் துறையிடமும், மின்தடை மின்வாரியத்திடமும், ரேஷன் கடை உணவுப்பொருள் வழங்கல் துறையிடமும், நகரத்தின் ஊடாகச் செல்லும் பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கின்றன. திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றி, நகரத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் சென்று காவிரியில் சேரும் ஆறு அது. அதைத் தூய்மைப்படுத்துவேன் என்று ஒரு வார்டு வேட்பாளர் சொல்வது எளிது. ஆனால் ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதில் கலக்கும் வீட்டுக் கழிவுநீர் மாநகராட்சியின் பொறுப்பிலும், ஆலைக்கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. தம் வார்டில் எத்தனை வீடுகள் இன்னும் பாதாளச் சாக்கடையில் இணைக்கப்படவில்லை, எந்த ஓடை வழியாகக் கழிவுநீர் ஆற்றில் இறங்குகிறது என்று சொல்லக்கூடிய வேட்பாளர், ஆற்றைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவரைவிட நம்பத்தக்கவர்.

சொத்துவரியைப் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியது மாநில அரசின் முடிவு. மன்றங்கள் அதைத் தீர்மானமாக நிறைவேற்றின. குடியிருப்புகளில் 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்ந்த அந்த மாற்றத்தை, மேயர் ஒருவர் தம் கையெழுத்தால் திரும்பப் பெற முடியாது. வரியைக் குறைப்பேன் என்று வாக்குறுதி தருவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கட்சியா, சுயேச்சையா?

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கட்சிச் சின்னங்களில் நடக்கிறது. சுயேச்சையாக நின்று வார்டில் வெல்வது நடக்கக்கூடியதே. சேலத்திலும் சுயேச்சைகள் வென்றிருக்கிறார்கள். ஆனால் 60 பேர் கொண்ட மன்றத்தில் மேயராக, எல்லாரும் வாக்களித்தால், இருமுனைப் போட்டியில் 31 வாக்குகள் வேண்டும். தனி ஒருவராக வென்றவருக்கு அந்த 31 கிடைக்கும் சூழல், எந்த அணிக்கும் பெரும்பான்மை இல்லாதபோது மட்டுமே உருவாகும். எனவே நோக்கம் மேயர் நாற்காலி என்றால், கட்சி வழியே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து. நோக்கம் தெருவைச் சரிசெய்வது என்றால் சுயேச்சையாகவும் நிற்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

கட்சிக்குள் புதியவருக்கு வார்டுச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்ற வரிசை முக்கியம். வேட்பாளர் தேர்வில் மாவட்டச் செயலாளரின் பரிந்துரைக்கு இருக்கும் எடையைப் புறந்தள்ளிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு நேராகக் கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சட்டமன்றத் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்த அனுபவம் அங்கே மதிக்கப்படும்; உங்களுக்கும் அது பயன்படும், ஏனெனில் யார் யார் வாக்களிக்க வரவில்லை என்பதைச் சாவடிக்குள் இருந்து பார்ப்பதைப்போல வேறெங்கும் கற்க முடியாது. கட்சி, விருப்ப மனு கோரும்போது அதற்கான கட்டணத்துடன் மனுவைக் கொடுத்து, உங்கள் வார்டு நோட்டுப் புத்தகத்தின் சுருக்கத்தை இரண்டு பக்கத்தில் இணைத்துத் தாருங்கள். நேர்காணலில் எவ்வளவு செலவு செய்ய முடியும் என்ற கேள்வி வரும். பொய்யான தொகையைச் சொல்லிவிட்டுப் பின்னர் கடனில் விழுந்தவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

கூட்டணிப் பங்கீட்டில் உங்கள் வார்டு தோழமைக் கட்சிக்குப் போய்விடலாம். அப்போது என்ன செய்வது என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. கோபத்தில் அன்றிரவே எடுக்கும் முடிவு பல ஆண்டு உழைப்பைக் கரைத்துவிடும்.

வேட்புமனு

கால அட்டவணை மிகக் குறுகியது. 2022-இல் ஜனவரி 28-இல் வேட்புமனு தொடங்கி, பிப்ரவரி 4-இல் முடிந்து, 5-இல் பரிசீலனையும் 7-இல் திரும்பப் பெறுதலும் நடந்து, 19-ஆம் தேதி வாக்குப்பதிவு ஆகிவிட்டது. பிரசாரத்துக்குக் கிடைத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. மாநகராட்சி உறுப்பினருக்கு வைப்புத்தொகை அப்போது 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2,000 ரூபாய். குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவை குறித்த உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். ஒதுக்கீட்டு வார்டாயின் சாதிச் சான்றிதழ் வேண்டும். கட்சி வேட்பாளருக்கு, அவரைத் தன் வேட்பாளராகக் கட்சி அறிவிக்கும் படிவம் ஏ, பி ஆகியவை உரிய நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். பெயரின் எழுத்து வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே மனுவிலும் இருக்கட்டும். நகரத்தில் மனுக்கள் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் பெறப்படுவதால், உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, கடைசி நாளுக்கு முன்னரே சென்றுவிடுங்கள்.

பிரசாரமும் பணமும்

ஆண்டு முழுவதும் தெருவில் நடந்தவருக்கு இந்த நாட்கள் நினைவூட்டலுக்கானவை மட்டுமே. சின்னத்தை மனத்தில் பதியவைப்பது, வயதானவர்கள் சாவடிக்கு வர வழி காட்டுவது, முகவர்களை ஒழுங்குபடுத்துவது ஆகிய மூன்றிலும் கவனம் செலுத்தினால் போதும். ஆடி மாதத்துக் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு நகரமெங்கும் வாழ்த்துப் பதாகை வைத்துப் பெயர் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுமதியில்லாத பதாகையை அகற்றும் பொறுப்பு மாநகராட்சிக்கே உரியது என்பதால், மேயராக விரும்புபவரின் முதல் விதிமீறல் அதுவாக இருப்பது பொருத்தமாக இல்லை.

2022-இல் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் ஒரு வேட்பாளருக்கான செலவு வரம்பு 85,000 ரூபாய். அறிவிப்பு வந்ததும் புதிய வரம்பைக் கேட்டறிந்து, மனுத்தாக்கல் நாளிலிருந்தே தேநீர்ச் செலவு முதல் ஆட்டோ வாடகை வரை தினமும் எழுதி வாருங்கள். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். வென்றவர், தோற்றவர், வைப்புத்தொகை இழந்தவர் எல்லாருக்கும் இது கட்டாயம். ஒப்படைக்காதவர் பின்னாளில் போட்டியிடும் தகுதியை இழக்க நேரிடும். வாக்குக்குப் பணம் தருவது குற்றம் என்பது தெரிந்ததே. அதையும் மீறித் தருகிறவர்கள், மன்றத்துக்குள் நுழைந்ததும் அந்தத் தொகையை ஒப்பந்தக்காரரிடம் தேடத் தொடங்குகிறார்கள். வார்டில் சாலை ஓராண்டில் பெயர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மன்றத்துக்குள் நடக்கும் தேர்தல்

2022-இல் பிப்ரவரி 22-ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. மார்ச் 4-ஆம் தேதி மேயர் தேர்தல் நடந்தது. இந்தப் பத்து நாட்களில் யார் மேயர் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கிறது. ஒருவர் மட்டுமே மனுச் செய்தால் போட்டியின்றித் தேர்வாகிறார். போட்டி இருந்தால் உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிக்கிறார்கள். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லாததால், தலைமையின் அறிவிப்பு மட்டுமே வெற்றியை உறுதிப்படுத்திவிடாது. 2022 மார்ச்சிலேயே சில நகராட்சிகளில் தோழமைக் கட்சிக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை ஆளுங்கட்சியின் அதிருப்தி உறுப்பினர்கள் போட்டியிட்டுக் கைப்பற்றினார்கள். 2024 ஆகஸ்டில் திருநெல்வேலியில் புதிய மேயரைத் தேர்ந்தெடுக்கும்போது, தலைமை அறிவித்தவரை எதிர்த்து அதே கட்சியின் உறுப்பினர் ஒருவர் நின்று 23 வாக்குகள் பெற்றார். வென்றவருக்குக் கிடைத்தது 30.

ஆகவே மற்ற வார்டு வேட்பாளர்களைத் தேர்தலுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அவர்களுடைய வார்டுப் பிரச்சினைகளையும் பேசத் தெரிந்தவரே மேயராக ஏற்கப்படுவார். மண்டலக் குழுத் தலைவர், நிலைக்குழுத் தலைவர் பதவிகளும் மன்றத்தில் இருக்கின்றன. முதன்முறை உறுப்பினராகிறவருக்கு அவையே பொருத்தமான படி. சுகாதாரக் குழுவிலோ பணிகள் குழுவிலோ ஐந்தாண்டு உழைத்தவர் அடுத்த முறை மேயர் பெயர்ப் பட்டியலில் இடம்பெறுவது இயல்பு. இந்த நகருக்கு அதில் மரபும் உண்டு: 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நகராட்சி உறுப்பினராக நுழைந்தவர்.

நாற்காலியில் அமர்ந்தபின்

மேயர் மன்றத்துக்குத் தலைமை ஏற்கிறார். நிர்வாகத்தை நடத்துபவர் அரசு நியமிக்கும் ஆணையர். கோப்பில் கையெழுத்திடுவதும், பணியாளர்களை நடத்துவதும், தொகையை விடுவிப்பதும் ஆணையரின் வழியாகவே நடக்கின்றன. மேயரின் உண்மையான அதிகாரம் கூட்டப்பொருள் பட்டியலிலும், தீர்மானத்தின் வாசகத்திலும், ஆணையரோடு அவர் வளர்த்துக்கொள்ளும் பணியுறவிலும் இருக்கிறது. 2023 ஜூலை முதல் மேயருக்கு மாதம் 30,000 ரூபாயும் துணை மேயருக்கு 15,000 ரூபாயும் மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக வழங்கப்படுகின்றன. இதைக் கொண்டு குடும்பம் நடத்திவிடலாம் என்று கணக்கிட வேண்டாம், வேறு வருமானம் இருக்க வேண்டும், அந்த வருமானம் மாநகராட்சியிலிருந்து வரக்கூடாது.

மார்ச்சில் பொறுப்பேற்கும் மன்றம் சந்திக்கும் முதல் வரவுசெலவுத் திட்டம், பெரும்பாலும் அதிகாரிகள் ஏற்கெனவே தயாரித்து வைத்திருப்பதாகவே இருக்கும். அதில் புதிய திட்டங்களைத் திணிக்க முயல்வதைவிட, பழைய கடன் தவணை, நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தங்கள், தூய்மைப் பணியாளர்களின் சம்பள நிலுவை, மேட்டூரிலிருந்து வரும் குடிநீர் நகருக்குள் எங்கே கசிகிறது என்ற அறிக்கை ஆகிய நான்கையும் ஆணையரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் படித்து முடித்தபின் ஒவ்வொரு மண்டலத்திலும், வார்டு மக்கள் தம் பகுதிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களுக்கான நாட்களைக் குறித்து, உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம்.